ரிவெட்டை ஓய்வுக்கு அனுப்பிய போல்ட்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், கயத்தாறு நெருங்க நெருங்கக் கரிசல் காட்டில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் சோதனை நிலையமும் இங்கேதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களைத் தாண்டி வரும் மேல்காற்று லேசுப்பட்டதல்ல. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது றெக்கையை. கோபுரத்தை ஒன்றாகப் பிடித்திருப்பதோ, எஃகுக் குழாய்கள் சேரும் விளிம்புகளில் வட்டமாக முறுக்கிய போல்ட்டுகள்.

வலுவான எஃகில் செய்து இறுக முறுக்கும் இந்த வகை போல்ட் பிறந்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம், 1943இல் திறந்த ஹௌரா பாலம் எல்லாம் ரிவெட் காலத்தவை. ஒருவர் உலையில் ரிவெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி வீசுவார். இன்னொருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார். ஒருவர் முட்டுக் கொடுக்க, மற்றொருவர் அடித்துத் தலையைப் பரத்துவார். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கும். எவ்வளவு இறுக்கும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை.

அதற்காகச் சாதாரண போல்ட்டை நம்பவும் முடியவில்லை. துளை அதைவிடச் சற்றுப் பெரிது. சுமை மாறி மாறி வந்தால் தகடு நழுவும், நட்டு கழலும். 1934இல் பிரிட்டனில் பேத்தோ, பேட்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வழி காட்டினார்கள்: வலுவான எஃகில் போல்ட் செய்து நன்றாக முறுக்கினால் தகடு நழுவாது. 1938இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்சனும் தாமஸும் ஆயிரக்கணக்கான தடவை சுமையேற்றி இறக்கிப் பார்த்தார்கள். இறுக முறுக்கிய போல்ட் ரிவெட்டுக்குச் சளைக்கவில்லை. 1947இல் இத்தகைய இணைப்புகளுக்கென அமெரிக்காவில் ஆய்வுக் குழு அமைந்தது. 1951இல் முதல் விதிமுறை வந்தது. உலையும் வாளியும் மெல்லப் போயின.

சூட்சுமம் முறுக்கில் இருக்கிறது. முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்பே தகடுகளை அழுத்துகிறது. பாலத்தில் அந்த அழுத்தம் தரும் உராய்வு சுமையைத் தாங்குகிறது. காற்றாலையில் கதை சற்று வேறு. காற்று கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும்போது, அது அடிக்கிற பக்கத்துப் போல்ட்டுகள் இழுபடும். முன்பே இறுகியிருந்தால் அந்த இழுப்பில் பெரும்பகுதி விளிம்புகளின் அழுத்தத்தைக் குறைப்பதிலேயே தீர்ந்துவிடும். போல்ட்டுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். இளகியிருந்தால் ஒவ்வொரு வீச்சும் நேரே அதன் மேல் விழும். வலு குறையாத எஃகும் அப்படித் திரும்பத் திரும்ப வாங்கினால் விரிசல் விட்டு முறியும்.

இந்த போல்ட்டுகளின் தலையில் பெரும்பாலும் 10.9 என்று பொறித்திருக்கும். அதாவது, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன் இழுவிசையில்தான் அறும். அதில் 90 விழுக்காடு வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். இத்தனை வலுவும் சரியாக முறுக்கினால்தான் பலன் தரும். அதனால் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, நட்டிலிருந்து விளிம்பு வரை இழுத்த பெயிண்ட் கோடு விலகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறவரின் வேலையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். செலவைக் குறைக்க எங்கே வேண்டுமானாலும் கை வைக்கட்டும், அந்தச் சோதனையில் வைக்கக் கூடாது.