உருவாக்குநர் ஆவணங்களின் இருப்பிடம்

மென்பொருள் ஒன்றின் நிரலை எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் வேண்டிய விளக்கங்கள் உருவாக்குநர் ஆவணங்கள் எனப்படும். இவை பயனர் கையேட்டிலிருந்து வேறானவை. இவற்றை மூல நிரலுடன் ஒரே களஞ்சியத்தில் வைப்பதா, தனியே ஒரு விக்கியில் வைப்பதா என்பது மென்பொருள் திட்டங்கள் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகும்.

நிரலுடன் வைத்தல்

களஞ்சியத்தில் உள்ள ஆவணம் நிரலின் பதிப்போடு சேர்ந்தே நகரும். செயற்கூறு ஒன்றை மாற்றுபவர் அதே மாற்றத்தில் விளக்கத்தையும் திருத்தலாம். மறந்தால் சரிபார்ப்பவர் சுட்டிக்காட்டுவார். பழைய பதிப்பை எடுப்பவருக்கு அன்றைய விளக்கமே கிடைக்கும். லினக்ஸ் கருனி இம்முறையைப் பின்பற்றுகிறது. ஆனால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் கிட் போன்ற கருவியின் பயன்பாடு தெரிந்திருக்க வேண்டியுள்ளது.

விக்கியில் வைத்தல்

வார்டு கன்னிங்காம் 1995இல் தொடங்கிய முதல் விக்கியே நிரலாளர்களுக்கானதுதான். எவரும் உடனே திருத்தலாம் என்பது இதன் வலிமை. நிரல் மாறியபின் பக்கம் மாறாமல் கிடப்பது இதன் நோய். பழைய விளக்கத்தை நம்பி நிரல் எழுதுபவருக்கு, விளக்கமே இல்லாதிருப்பதைவிட இது கேடானது.

மீடியாவிக்கி

தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் இரண்டையும் கலந்து கையாள்கிறது. செயற்கூறுகளின் விளக்கம் நிரலின் குறிப்புரைகளில் எழுதப்பட்டு, டாக்சிஜென் கருவியால் பக்கங்களாக்கப்படுகிறது. அறிமுகக் கட்டுரைகளும் வழிகாட்டிகளும் அதன் விக்கித்தளத்தில் உள்ளன. நீட்சிகளுக்கான கொக்கிகளின் விளக்கமோ நெடுங்காலம் களஞ்சியத்தில் ஓர் உரைக்கோப்பிலும் விக்கிப் பக்கங்களிலுமாக இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்றைத் திருத்தியவர் மற்றதையும் திருத்தியாக வேண்டும்.

இடைமுகச் செய்திகளுக்கான ஏற்பாடு இதனினும் சிறந்தது. 'எடிட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் பொத்தானில் 'தொகு' என்றும், பட்டியலில் 'தொகுப்பு' என்றும் தமிழில் வர வேண்டியிருக்கும். எது எங்கே வருகிறது என்பதை நிரலாளரே அறிவார். எனவே புதிய செய்தியைச் சேர்ப்பவர் அதன் விளக்கத்தையும் எழுதுகிறார். அவ்விளக்கம் 'கியூகியூகியூ' என்ற குறியீடுடைய ஒரு போலி மொழியாகக் கருதப்பட்டு, தமிழ்க் கோப்பு உள்ள அதே அடைவில் வைக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் டிரான்சுலேட்விக்கி தளத்தில் உலாவி வழியே அதைத் திருத்தலாம். திருத்தம் பின்னர் களஞ்சியத்தைச் சேரும்.

வழங்கித் தளம் மூடப்படுதல்

கூகிள் கோட் சேவை 2016 சனவரியில் மூடப்பட்டது. அதன் விக்கிப் பக்கங்கள் களஞ்சியத்திலேயே கோப்புகளாக இருந்ததால் படியெடுக்க முடிந்தது. கிட்ஹப் விக்கியும் ஒரு கிட் களஞ்சியமே. ஆயினும் முதன்மைக் களஞ்சியத்தைப் படியெடுக்கும்போது அது உடன் வருவதில்லை, தனியே எடுக்க வேண்டும்.