இரண்டு சாவிக் கதவு

1996-இல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று, ஒரே ஒரு மரபணுவை நீக்கி எலிக்குட்டிகளைப் பிறக்கவைத்தது. குட்டிகளுக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது, பக்கத்திலேயே தாய் கிடந்தது. பால் குடிக்கத்தான் தெரியவில்லை. வாயோரம் தொட்டதும் சப்பத் தொடங்கும் அந்த வேலையை எந்தக் குட்டிக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இவற்றுக்கு அது வரவே இல்லை. அப்படியே விட்டால் பிறந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போயின. ஆய்வாளர்கள் கையால் பால் புகட்டியவை மட்டும் சில நாள் தாக்குப்பிடித்தன.

அந்தக் குட்டிகளின் மூளைத்தண்டை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எலி தன் மீசையால் உலகத்தைத் தடவிப் பார்த்து வாழும் பிராணி. அதன் முகத்தில் மீசை முடிகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, மூளைத்தண்டிலும் அதே வரிசையில் முடிக்கு ஒரு திட்டாக நரம்பிழைகள் கூடியிருக்கும். இந்தக் குட்டிகளில் நரம்பிழைகள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஆனால் திட்டுகள் பிரியவில்லை. எந்த முடிக்கு எந்த இடம் என்ற எல்லை விழாமலே போயிருந்தது.

நீக்கப்பட்ட மரபணு, என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தின் ஒரு துண்டை உருவாக்குவது. அந்த ஏற்பியின் பயணத்தைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன். மூளை வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எந்தப் பொருள் கூடியது, எது குறைந்தது என்றே பேசுகிறார்கள். இந்த ஏற்பியின் கதையோ, எது என்பதோடு எப்போது என்பதையும் கேட்டே ஆக வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

அது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். 1950-களின் கடைசியில் டேவிட் கர்ட்டிஸ், ஜெஃப் வாட்கின்ஸ் ஆகியோர் பூனையின் தண்டுவட நரம்பணுக்கள் மீது குளூட்டமேட்டைச் சொட்டிப் பார்த்தார்கள். தொட்ட நரம்பணுக்களெல்லாம் துள்ளின. இத்தனை அணுக்களையும் ஒரே மாதிரி கிளப்பிவிடும் பொருள் உண்மையான நரம்புச் செய்தியாளாக இருக்க முடியாது என்று அவர்களே அப்போது சந்தேகப்பட்டார்கள். மூளையில் மிக அதிகமாகப் புழங்கும் கிளர்ச்சிச் செய்தியாள் குளூட்டமேட்தான் என்பது நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. வாட்கின்ஸ் அதைப் போன்ற வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தயாரித்துக்கொண்டே போனார். அவற்றில் மிக வலுவானது என்-மெத்தில்-டி-ஆஸ்பார்ட்டேட். அதற்கு மசியும் ஏற்பிக்கு அதன் சுருக்கப் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்னர் பிரிஸ்டலில் அவரும் உடனிருந்தோரும் இந்த ஏற்பியை மட்டும் குறிவைத்து அடைக்கும் மருந்துகளைச் செய்து, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அந்தத் தாராளம் இல்லையென்றால் இனி சொல்லப்போகும் பல சோதனைகள் நடந்திருக்காது.

அணுவுக்குள் இதன் பயணம் நீண்டது. நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்தால்தான் ஓர் ஏற்பி. இரண்டு துண்டு எப்போதும் 1 என்ற வகை. மற்ற இரண்டு பெரும்பாலும் 2ஏ, 2பி, 2சி, 2டி என்ற வகைகளிலிருந்து வரும். துணை கிடைக்காத துண்டை, அது உருவான அகச்சவ்வுக் கூடத்திலிருந்து அணு வெளியே விடுவதில்லை. சேர்ந்து முடிந்தவை சிறு பைகளில் ஏறி, கேஐஎஃப்17 என்ற இயக்கிப் புரதம் இழுத்துச்செல்ல, நுண்குழல் தண்டவாளம் வழியாக நரம்பணுவின் கிளை நுனிகளை நோக்கிப் போகின்றன. 2பி துண்டைச் சுமந்துபோகும் இந்த வண்டியை 2000-இல் டோக்கியோவில் நொபுதாக்கா ஹிரோகாவாவின் குழு கண்டுகாட்டியது. போய்ச் சேரும் இடம், இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ்.

அங்கே அது செய்யும் வேலைக்கு வங்கி லாக்கரைச் சொல்லலாம். மேலாளரின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் ஒன்றாக விழுந்தால்தான் திறக்கும். பக்கத்து அணு குளூட்டமேட்டை வீசுவது ஒரு சாவி. (கூடவே கிளைசினோ டி-செரீனோ ஒட்டியிருக்கவும் வேண்டும்.) அது மட்டும் வந்தால் ஏற்பியின் துளை திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து ஒரு மக்னீசியம் அயனி வந்து துளையில் அடைத்துக்கொண்டு நிற்கும். செய்தியைப் பெறும் அணுவும் அதே நேரம் கிளர்ந்து, தன் மின்னழுத்தம் மாறினால்தான் மக்னீசியம் விலகும். அது இரண்டாவது சாவி. 1984-இல் பாரிஸிலும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. கதவு திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. ‘இந்த இணைப்பு வேலை செய்கிறது, இதை வைத்துக்கொள்’ என்ற கட்டளை அந்தக் கால்சியம்தான்.

குழந்தை மூளையில் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. புதிதாக முளைத்த சினாப்ஸ்களில் பலவற்றில் என்எம்டிஏ ஏற்பி மட்டும் இருக்கும். அணுவை உடனடியாகக் கிளர்த்தும் ஆம்பா ஏற்பி வந்திருக்காது. இரண்டாவது சாவியைக் கொடுக்க ஆளில்லாத ஊமைச் சினாப்ஸ்கள் இவை. அப்படியானால் முதல் கதவு எப்படித் திறந்தது? இதற்குக் கிடைத்த விடை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. வளர்ந்த மூளையில் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற பொருள், வளரும் மூளையில் நேர்மாறாகக் கிளர்த்தும் வேலையைச் செய்கிறது. இளம் நரம்பணுக்குள் குளோரைடு மிகுதியாக இருப்பதே காரணம். யெஹெஸ்கெல் பென்-ஆரியின் குழு 1989-இல் பிறந்த எலிக்குட்டிகளில் இதைக் காட்டியது. பிற்காலத்தில் எதை அடக்கப்போகிறதோ, அதற்கே தொடக்கத்தில் மக்னீசியத்தை விலக்கி வழிவிடுவதும் காபாதான்.

இந்தக் கதவுதான் மூளையின் வரைபடத்தை வரைகிறது என்பதற்குச் சாட்சி மூன்று கண் தவளைகள். மார்த்தா கான்ஸ்டன்டைன்-பேட்டன், தவளைக் கருவில் மூன்றாவதாக ஒரு கண்ணின் மொட்டைப் பதித்து வளர்த்தார். தவளையின் ஒரு பக்க மூளைக்குச் சாதாரணமாக ஒரு கண்ணின் நரம்புதான் போகும். இப்போது இரண்டு கண்களின் நரம்புகள் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. விளைவாக, வரிக்குதிரையின் உடலில் போல மாறி மாறிப் பட்டைகள் விழுந்தன. அவருடைய குழு 1987-இல் அந்தத் தலைப்பிரட்டைகளில் என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்தது. பட்டைகள் கலைந்துபோயின. நரம்புகள் சாகவில்லை, வழியும் தவறவில்லை. ஒரே கண்ணிலிருந்து ஒரே நேரத்தில் துடித்து வரும் இழைகளை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் அடையாளம்தான் அழிந்தது.

இப்படி வரைபடம் வரையும் காலத்துக்கு ஒரு முடிவும் உண்டு. கருவிலும் பிறந்த புதிதிலும் ஏற்பியில் 2பி துண்டுதான் கோலோச்சுகிறது. அது திறந்தால் மெதுவாக மூடும். சற்று முன்பின்னாக வரும் இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். வளர வளர அந்த இடத்துக்கு 2ஏ வருகிறது. அது விரைவாக மூடும், கண்டிப்பானது. இருட்டிலேயே வளர்த்த எலிகளின் பார்வைப் புறணியில் இந்த மாற்றம் தள்ளிப்போகிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சில மணி நேரத்துக்குள் 2ஏ வந்து இறங்குகிறது. பார்க்கும் அனுபவமே பார்வைக்கான புரதத்தை மாற்றியமைக்கிறது. மாறுகண்ணால் ஒரு கண்ணின் பார்வை மங்கும் பிள்ளைக்கு, நல்ல கண்ணை மறைத்து வைக்கச் சொல்லி கண் மருத்துவர் சின்ன வயதிலேயே அவசரப்படுத்துவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வயது மாறினால் இந்த ஏற்பியை அடைப்பதன் பொருளும் மாறிவிடுகிறது. பக்கவாதத்தில் ரத்தம் கிடைக்காத மூளைப்பகுதியில் குளூட்டமேட் கொட்டி, கதவு திறந்தபடியே நின்று, கால்சியம் வெள்ளமாகி அணுக்கள் மடிகின்றன. ஏற்பியை அடைத்தால் விலங்குகளில் அணுக்கள் பிழைத்தன. (மனிதர்களில் அந்த மருந்துகள் கைகொடுக்கவில்லை.) 1999-இல் கிறிசாந்தி இக்கோனோமிடூ, ஜான் ஓல்னி ஆகியோர் அதே அடைப்பைப் பிறந்த எலிக்குட்டிகளில் செய்தபோது, மூளையின் பல பகுதிகளில் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டன. இளம் அணுவுக்குக் கதவு திறப்பதே உயிரோடு இருக்கலாம் என்ற அனுமதி. அடுத்த ஆண்டே மதுவும் அதே சேதத்தைச் செய்வதை அவர்கள் காட்டினார்கள். மது இந்த ஏற்பியை அடைக்கும் பொருள். கர்ப்பிணிக்கு மது ஒரு வாய்கூட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட எலிக்குட்டிகளும் இருக்கின்றன. சில மயக்க மருந்துகளும் இந்த ஏற்பியை அடைப்பவைதான்; ஆனாலும் அறுவை சிகிச்சைக்குக் குழந்தையைக் கொடுக்கும் பெற்றோர் இதைப் படித்துப் பதறக் கூடாது. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு தடவை மயக்க மருந்து, ஐந்து வயதில் அறிவுத்திறனைப் பாதிக்கவில்லை என்று பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019-இல் தெளிவாகச் சொன்னது.

பயணத்தின் கடைசிக் கட்டம் மருத்துவமனையில். 2007-இல் ஜோசப் டால்மவ் குழுவினர் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீரென்று பிதற்றல், பயம், வலிப்பு, பிறகு பேச்சே நின்றுபோதல். உடல் இந்த ஏற்பிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களைச் செய்து, ஏற்பிகளைச் சினாப்ஸிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டிருந்தது. பெரும்பாலோருக்குச் சூலகத்தில் கட்டி. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசு. நம் ஊரில் இதைக் காத்து கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்தவர்கள் உண்டு. மனநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. எதிர்ப்பொருளை நீக்கினால் ஏற்பிகள் திரும்பி வருகின்றன. ஆட்களும் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள்.

மரபணுவிலேயே பிழை இருந்தால் கதை வேறு. 1957-இல் வில்லியம் லாண்டவும் ஃபிராங்க் கிளெஃப்னரும் ஒரு நோயைப் பதிவுசெய்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லை என்று வீட்டார் ஓடுகிறார்கள். காதில் குறையே இல்லை. சொல் என்பது அதற்கு வெறும் ஓசையாகிவிட்டது. பிறகு பேச்சும் உதிர்கிறது. தூக்கத்தில் இ.இ.ஜி. எடுத்தால் அலைகள் ஓயாமல் குத்திக்குத்தி எழுகின்றன. இவர்களில் ஒரு பகுதியினருக்கு 2ஏ துண்டின் மரபணுவில் பிழை என்று 2013-இல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. 2பி மரபணுவில் பிழை உள்ள குழந்தைகளுக்கோ கைக்குழந்தைப் பருவத்திலேயே உடல் தொய்வு, தாமதமான வளர்ச்சி, அறிவுக் குறைபாடு, சிலருக்கு ஆட்டிசம். கருவிலேயே வேலையில் இருக்கும் துண்டு கெட்டால் நோயும் முந்துகிறது. பிறந்த பின் வரும் துண்டு கெட்டால் பேச்சு வளரும் வயதில் இடி விழுகிறது.

பிழை எந்தத் திசையில் என்பதும் முக்கியம். ஆய்வகத்தில் குழந்தையின் பிழையை அப்படியே தவளை முட்டையில் ஏற்றி, ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். கதவு மிதமிஞ்சித் திறக்கும் வகை என்றால், முதியோரின் மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமான்டின் ஏற்பியை அடைக்கும். எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் டிரேநெலிஸ் பங்கேற்ற குழு 2014-இல் எழுதிய சிறுவனுக்கு அதனால் வலிப்பு குறைந்தது. கதவு திறக்கத் தயங்கும் வகைக்கு அதே மருந்து கேடாக முடியலாம். அப்படி ஒரு 2பி பிழை இருந்த சிறுமிக்கு ஸ்பெயினில் எல்-செரீன் கொடுத்தார்கள். அது உடலில் டி-செரீனாக மாறி ஏற்பிக்கு உதவும். அவளுடைய அசைவிலும் அறிவிலும் முன்னேற்றம் தெரிந்ததாக 2019-இல் வெளியிட்டார்கள். இரு வகைப் பிள்ளைகளின் சீட்டிலும் ‘வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு’ என்றே எழுதியிருந்தாலும் மருந்து நேரெதிர்.

பருவம் கடந்த பிறகு சரிசெய்தால் பயனுண்டா? டொராண்டோவில் ஏமி ராம்சேயின் குழு, பிறப்பிலிருந்தே இந்த ஏற்பி வெகுவாகக் குறைந்த எலிகளை வளர்த்து, அவை முதிர்ந்த பிறகு ஏற்பிக்கான மரபணுவை மீட்டுக்கொடுத்தது. பருவம் போய்விட்டது என்று எண்ணத்தக்க அந்த எலிகள் பல சோதனைகளில் தேறியதை 2021-இல் எழுதினார்கள். எலியில் நடந்தது குழந்தையில் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு வயதில், பத்து வயதில் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கும் பெற்றோரிடம் ‘காலம் கடந்துவிட்டது’ என்று அத்தனை உறுதியாகச் சொல்லவும் இனி முடியாது.