எழும்பூர் மணலும் பாலக்கரை டேப்பும்

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு செல்போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து டேப்கள். "செகண்ட் ஹேண்ட் இல்லண்ணே, ரீஃபர்பிஷ்டு. பேட்டரி மாத்தி, செக் பண்ணி வச்சது" என்றார் கடைக்காரத் தம்பி. பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி பெண்ணுக்காகப் போயிருந்தேன். அரியலூரில் அவர்கள் வீட்டில் இருக்கும் டேப்பில் பாட வீடியோவைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. புதிது வாங்க வசதியில்லை. பழையதைக் கொடுத்துவிட்டு இன்னொரு பழையதை வாங்குவது முன்னேற்றமா, வெறும் மாற்றமா? இதுதான் கேள்வி.

டேப்பும் ஒரு பலகைதான். பிள்ளையின் கையில் பலகையைக் கொடுத்து, அழித்து அழித்து எழுதவைக்கும் யோசனை கலிஃபோர்னியாவில் பிறந்தது என்று நினைத்திருப்போம். அதன் பழைய தடம் ஒன்று சென்னை எழும்பூரில் இருக்கிறது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் அங்கே ஓர் அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். கையால் தடவினால் பலகை புதிது. தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். விடாத பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தர வைத்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. அவனைச் சட்டாம்பிள்ளை என்போம்.

ஊர் திரும்பிய பெல், 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். அடுத்த வருடமே ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, ஏறக்குறைய இதே முறையில் நடத்தினார். மிகச் சிறியவர்களுக்கு மணல் மேசை, மற்றவர்களுக்குச் சிலேட்டு. யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்று இரண்டு பேரின் ஆதரவாளர்களும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையே முறையைப் பரப்பியது. லங்காஸ்டர் அமெரிக்கா போனார், தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் ஆதரவை நம்பி வெனிசுவேலாவின் கராகஸ் வரைக்கும் போனார். பெல்லின் பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்!

சிலேட்டு நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆந்திரத்தின் மார்க்காபூர், சிலேட்டுக் கல்லுக்கே பெயர் பெற்ற ஊரானது. பலப்பத்தால் எழுதி எழுதி வெளுத்துப்போன சிலேட்டில் வேலியோரக் கோவை இலையைப் பறித்துக் கசக்கித் தேய்ப்போம். பச்சைச் சாறு காய்ந்ததும் பலகை கருகருவென்று மின்னும். மரச்சட்டம் கழன்றால் ஆணி அடித்துத் தம்பிக்குப் போகும். ரீஃபர்பிஷ்டு என்ற சொல்தான் புதிது.

இனி கணினிப் பலகைக்கு வருவோம். 1972இல் ஆலன் கே என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி, பிள்ளைகள் கையில் தூக்கிப்போகும் கணினி ஒன்றைக் காகிதத்தில் வடிவமைத்தார். பெயர் டைனாபுக், விலை 500 டாலருக்குள் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைய தொழில்நுட்பத்தில் அட்டை மாதிரிதான் செய்ய முடிந்தது. 2010இல் ஐபேட் வந்தபோது தொடக்க விலை 499 டாலர். அதன் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லுக்கும் மூலப்பொருள் மணல்தான்.

நம் நாட்டிலும் முயன்றார்கள். 2011 அக்டோபரில் 'ஆகாஷ்' டேப்பை ஒன்றிய அரசு அறிமுகப்படுத்தியது. விலை ஏறக்குறைய 2,250 ரூபாய், நினைவகம் 256 எம்பி. விரலை அழுத்தித் தேய்த்தால்தான் திரை அசையும். நல்ல நோக்கம்தான், ஆனால் பிள்ளைகளின் பொறுமையைச் சோதித்தது. விலை ஒன்றை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது.

பழைய கருவிகளின் வியாபாரத்துக்கும் தனிக் கதை உண்டு. 2016இல் ஆப்பிள், புதுப்பித்த பழைய ஐபோன்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்க அனுமதி கேட்டது, அரசு மறுத்தது. மற்ற நாடுகளின் குப்பை இங்கே வந்து சேருமோ என்ற அச்சம். பிறகு வந்த மின்கழிவு விதிகள், 2022, புதுப்பிப்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றன.

சிலேட்டுக்கு இல்லாத இரண்டு ஆயுள்கள் டேப்புக்கு உண்டு. முதலாவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கோவை இலை அங்கே உதவாது. இரண்டாவது, கம்பெனி அனுப்பும் பாதுகாப்பு அப்டேட். அது நின்றுவிட்டால், கண்ணாடி எவ்வளவு பளபளத்தாலும் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். என்னைக் கேட்டால், திரையில் கீறல் இருப்பதை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தம்பி முதலில் காட்டிய டேப்பின் செட்டிங்ஸில் கடைசி அப்டேட் 2021 என்றிருந்தது. வேண்டாம் என்றேன். அடுத்ததில் 4 ஜிபி ரேம், போன மாதத்து அப்டேட். வெளிச்சத்தை முழுதாக வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டோம். சார்ஜ் ஆறு சதவீதம்தான் இறங்கியது. மேசைமேல் மல்லாக்க வைத்துப் பார்த்தேன், முதுகு உப்பவில்லை. சிம் போடும் மாடல் என்பதால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். திருட்டுப் புகாரால் முடக்கப்பட்ட கருவியாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். பதில் சரியாக வந்தது.

"எட்டாயிரத்து ஐந்நூறு, அதுக்குக் கீழ கட்டாதுண்ணே." ஏழாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது. ஆறு மாத வாரண்டியை வாயால் சொன்னார். பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டுத் தந்தார்.