ஏரியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர்

ஜப்பானின் வடக்கே, அக்கித்தா மாநிலத்தில் ஹச்சிரோகத்தா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1956இல் இரண்டு ஊர்களைச் சேர்த்து உருவாக்கியபோது, பக்கத்திலிருந்த ஏரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மறுவருஷமே அந்த ஏரியை வற்றவைக்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது.

சாதாரண ஏரி இல்லை அது. சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஜப்பானில் பிவா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. ஆனால் ஆழம் ஐந்து மீட்டர்கூட கிடையாது. கடலோடு தொடுப்பு இருந்ததால் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு, அடியில் வலை விட்டு, வாகசாகி என்ற பொடிமீனைப் பிடிப்பார்கள். ஹச்சிரோதாரோ என்பவன் டிராகனாக மாறி இங்கே குடியேறினான் என்பது அந்த வட்டாரத்துக் கதை.

போர் முடிந்த ஜப்பானுக்கு அரிசி போதவில்லை. கடலைத் தள்ளி நிலமெடுப்பதில் கைதேர்ந்த நெதர்லாந்திலிருந்து 1954இல் பேராசிரியர் யான்சன் வந்தார். அடியெல்லாம் சேறு, அதன்மேல் கரை போட்டால் நிற்காது. சேற்றை அகற்றி மணலைக் கொட்டி, 50 கிலோமீட்டருக்கும் மேலாகக் கரை எழுப்பி, உள்ளேயிருந்த தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தார்கள். 1964இல் ஓகாதா கிராமம் பிறந்தது. நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த சுமார் 580 குடும்பங்கள் படிப்படியாகக் குடியேறின.

முதலில் வந்தவர்கள் நட ஆரம்பித்து இரண்டே வருஷம். 1970இல் அதே அரசாங்கம், நெல்லைக் குறைத்து நடுங்கள் என்றது. ஜனங்கள் சோறு சாப்பிடுவது குறைந்து, கிடங்குகளில் அரிசி தேங்கிவிட்டது. கேட்காமல் நட்டவர்கள் சிலர் நிலத்தையே இழந்தார்கள்.

நானும் பொறியாளன்தான். கரை, மணல், பம்ப் எதிலும் கணக்குத் தப்பவில்லை. தப்பியது, இருபது வருஷம் கழித்து மக்கள் எவ்வளவு சோறு சாப்பிடுவார்கள் என்ற கணக்கு. அதை எந்தக் கல்லூரியிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இன்று அந்த வயல்களில் காட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன. மிஞ்சிய தண்ணீரில் கோடையில் பச்சைப்பாசி படர்கிறது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் ஏரி திரும்பி வந்துவிடும். ஓகாதாவில் செயற்கையாக ஒரு குன்று கட்டியிருக்கிறார்கள். உயரம் 3.776 மீட்டர், ஃபூஜி மலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் உச்சியில் ஏறி நின்றால்தான் கடல் மட்டத்துக்கே வருகிறோம்.