சூம்பிய கையில் சுழன்ற பந்து

1971 ஆகஸ்ட் மாதம். லண்டன் ஓவல் மைதானம். முதல் இன்னிங்ஸில் இந்தியாவை விட 71 ரன் அதிகம் எடுத்திருந்த இங்கிலாந்து, இரண்டாவது இன்னிங்ஸில் 101 ரன்னுக்குச் சுருண்டது. 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தவர் பகவத் சந்திரசேகர். இந்தியா 4 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது, தொடரும் இந்தியாவுக்கே!

அந்தப் பந்துகளை வீசிய வலது கை, போலியோவால் சூம்பிப் போன கை.

1945-ல் மைசூரில் பிறந்தவர் சந்திரசேகர். சிறுவயதிலேயே போலியோ தாக்கியது. போலியோ தடுப்பூசி புழக்கத்துக்கு வந்ததே 1955-ல்தான். அதற்குள் அவர் வலது கை மெலிந்து விட்டது. மைதானத்தில் பந்தை எடுத்து எறிவதற்குக் கூட இடது கைதான். அப்படியானால் பந்துவீச்சுக்கும் இடது கை தானே நியாயம்? அவரோ வலது கையால் வீசினார்.

அங்கேதான் ஆச்சரியம். மெலிந்த அந்தக் கை சாட்டை போல வேகமாகச் சுழன்றது. மணிக்கட்டு இஷ்டத்துக்கு வளைந்தது. லெக் ஸ்பின்னர் என்று பெயர். ஆனால் நீளமாக ஓடிவந்து, மிதவேகப் பந்துவீச்சாளரைப் போல வீசுவார். கூக்ளியை எதிர்பார்த்து மட்டையைக் கொண்டு வருவதற்குள் பந்து ஸ்டம்புக்குப் போயிருக்கும்.

1964 ஜனவரியில் பம்பாயில் முதல் டெஸ்ட். வயது 18. அப்போதைய கேப்டன் பட்டோடி, 1961-ல் கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்! ஒரு கண்ணால் பேட்டிங் செய்தவரின் அணியில், சூம்பிய கையால் பந்து வீசியவர். இரக்கப்பட்டு யாரும் இருவருக்கும் இடம் கொடுக்கவில்லை. ரன்னும் விக்கெட்டும்தான் இடம் கொடுத்தன.

பாதை நேராக இல்லை. 1967-68 ஆஸ்திரேலியப் பயணத்தில் காயம். அதன் பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் டெஸ்ட் அணியில் இடமில்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு கிடைத்த தொடரில்தான் ஓவல் சாதனை! 1972-73-ல் இங்கிலாந்து இந்தியா வந்தபோது ஒரே தொடரில் 35 விக்கெட். 1977-78-ல் மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் தலா 52 ரன்னுக்கு 6 விக்கெட். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

58 டெஸ்ட், 242 விக்கெட். எடுத்த ரன்கள்? வெறும் 167! எடுத்த விக்கெட்டை விட அடித்த ரன் குறைவு. பேட்டிங் வரவில்லை, பந்து சில நாள் சொன்ன இடத்தில் விழாது, ரன்னும் போகும். இதெல்லாம் தெரிந்தே அவரை அணியில் வைத்திருந்தார்கள். தனி ஆளாக ஆட்டத்தைத் திருப்பக்கூடியவர் என்பதும் தெரிந்திருந்தது.

"குறையை வென்றவர்" என்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம். சந்திரசேகர் விஷயத்தில் அது பாதி உண்மைதான். அவர் அந்தக் கையை ஒதுக்கி வைத்துவிட்டு ஜெயிக்கவில்லை. அந்தக் கையாலேயே ஜெயித்தார். மற்றவர்களைப் போல வீசு என்று அவரை மாற்றியிருந்தால், ஓவலில் அந்த மதியம் நடந்தே இருக்காது.

எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.