யாரோடு ஆடி வாங்கிய இடம்?

மாதவரத்திலிருந்து மூலக்கடை, எருக்கஞ்சேரி என்று தெற்கே இறங்கினால் வியாசர்பாடி வந்துவிடும். வடசென்னையின் இந்தப் பக்கம் கால்பந்துக்குப் பேர்போனது. வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. இங்கே நாக்-அவுட் போட்டி என்றால் முதல் பரபரப்பு குலுக்கலில்தான். அணிகளின் பெயரைச் சீட்டில் எழுதி, சுருட்டிப் போட்டு, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எடுத்த வரிசையில் சார்ட்டில் பெயர் ஏறும். ஏறிய கையோடு பேச்சும் தொடங்கிவிடும். முதல் ரவுண்டில் ஆடாமலே மேலே போகும் 'பை' யாருக்கு விழுந்தது, யார் முதல் ரவுண்டிலேயே பெரிய டீமிடம் மாட்டிக்கொண்டார்கள், செமிக்கு எந்தப் பக்கம் வழி லேசு என்று ஆளுக்கொரு கணக்கு.

கோப்பை கைமாறிய மறுநாள் அந்தப் பேச்சு காணாமல் போய்விடும். ஜெயித்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தியக் கால்பந்தின் வரலாறும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. எத்தனையாவது இடம் என்பது நிலைக்கிறது. யாரோடு ஆடி அந்த இடம் வந்தது என்பது உதிர்ந்துவிடுகிறது. இதில் பெரிய அநியாயம் நடந்தது ரோம் நகரத்து ஒலிம்பிக் அணிக்கு.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தது. இந்தியக் கால்பந்தைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் முதலில் வந்து நிற்கும் சாதனை இது. ஆசிய அணி ஒன்று ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அப்போது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வழியைக் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும். முதல் சுற்றில் இந்தியாவுக்கு எதிராக ஆட வேண்டியது ஹங்கேரி. அந்த அணி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே போட்டியை நடத்தும் நாடான ஆஸ்திரேலியா. நெவில் டிசோசா 3 கோல் அடிக்க, இந்தியா 4–2 என்று வென்றது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1–4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3. ஆடியது 3 ஆட்டம், வென்றது 1.

இது அந்த அணியின் குறை ஆகாது. யூகோஸ்லாவியா வெள்ளி வாங்கியது, பல்கேரியா வெண்கலம் வாங்கியது. இரண்டும் அசாத்தியமான அணிகள். அரையிறுதியில் முதல் கோலை அடித்தது நெவில் டிசோசாதான். ஆனால் முதல் சுற்றில் ஹங்கேரி வந்து நின்றிருந்தால் அந்த 4-வது இடம் கிடைத்திருக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்கு 4 ஆண்டு கழித்துப் பதில் வந்தது. 1960 ரோமில் இந்தியாவின் பிரிவில் விழுந்தவை ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. 16 அணிகள், 4 பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அரையிறுதி. இரண்டாமிடம் வந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ரஹீம் பயிற்றுவித்த அணி அது. பி.கே. பானர்ஜி கேப்டன். கோல் காத்தவர் வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் பேர் எடுத்த பீட்டர் தங்கராஜ். திருச்சிக்காரர் சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார்.

முதல் ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 1–2 என்று தோல்வி. இரண்டாவதில் பிரான்ஸோடு 1–1. பானர்ஜி அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது பிரான்ஸ் சமன் செய்தது. மூன்றாவதில் பெருவிடம் 1–3. பிரிவில் கடைசி இடம். பட்டியலில் பார்த்தால் மெல்போர்னிலிருந்து ரோமுக்குச் சரிவு.

மற்ற ஆட்டங்களின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. அதே ஹங்கேரி பெருவை 6–2 என்று வென்றது. பிரான்ஸை 7–0 என்று நொறுக்கியது. ஒரே கோல் வித்தியாசத்தில் ஹங்கேரியிடம் தோற்ற அணி அந்தப் பிரிவில் இந்தியா ஒன்றுதான். ஹங்கேரி அப்படியே போய் இத்தாலியை 2–1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. ஹங்கேரி வராத ஆண்டில் 4-வது இடம், ஹங்கேரியோடு மல்லுக்கட்டிய ஆண்டில் பிரிவில் கடைசி. ஆட்டத்தை வைத்துச் சொன்னால் ரோம் அணியே மேல். ஆனால் 60 ஆண்டுகளுக்கு மேலாக மெல்போர்ன்தான் பேசப்படுகிறது.

குலுக்கலின் கை உள்ளூர்ப் போட்டிகளில் இன்னும் நீளமானது. 2021 இறுதியில் நடந்த சந்தோஷ் கோப்பை தென்மண்டலத் தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு விழுந்த பிரிவில் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. கேரளம் விழுந்த பிரிவில் லட்சத்தீவு, அந்தமான் நிகோபார், புதுச்சேரி. பிரிவுக்கு ஓர் அணிதான் மேலே போக முடியும். கேரளம் லட்சத்தீவுக்கு எதிராக 5 கோலும் அந்தமானுக்கு எதிராக 9 கோலும் போட்டுக்கொண்டு போனது. தமிழ்நாட்டின் பிரிவிலிருந்து போனது கர்நாடகம். கேரளம் 2022 மே மாதம் மலப்புறத்தில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கோப்பையையே எடுத்ததால், அவர்கள் தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தகுதிச் சுற்றோடு வீடு திரும்பிய தமிழ்நாட்டு அணியை வெறும் 'தோற்ற அணி' என்று ஒரு வார்த்தையில் முடிப்பதும் நியாயம் இல்லை.

இந்தக் கவலையைக் கணக்காகவே மாற்றிப் பார்த்த இடம் அமெரிக்கா. அங்கே கல்லூரிகள் ஆடும் 'ஃபுட்பால்' வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், மோதித் தள்ளும் ஆட்டம். மேல்தட்டுப் பிரிவில் மட்டும் சுமார் 130 கல்லூரிகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12 ஆட்டம்தான் ஆடும். எல்லோரும் எல்லோரோடும் ஆட வழியே இல்லாததால், யார் எந்த 12 பேரோடு ஆடினார்கள் என்பது சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் பெரிய சண்டையாகிவிட்டது. 1998-இல் தேசிய இறுதி ஆட்டத்துக்கு 2 அணிகளைப் பொறுக்க ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். அட்டவணையின் கடினம் அதில் தனிப் பகுதி. எதிராளிகளின் வெற்றி தோல்விக் கணக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிராளிகளோடு ஆடியவர்களின் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு.

கணக்கு வந்ததால் சண்டை ஓயவில்லை. சூத்திரத்தின் காலம் முடிந்து ஒரு குழு உட்கார்ந்து 4 அணிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, 2017-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி 12 ஆட்டத்தையும் வென்றது. எதிராளிகள் பலமில்லாதவர்கள் என்று அதை ஒதுக்கினார்கள். அந்த அணி புத்தாண்டு நாளில் ஆபர்ன் அணியை 34–27 என்று வென்று காட்டியது. இறுதியில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அந்த சீசனில் ஒரு தடவையாவது தோற்கடித்திருந்த அணி ஆபர்ன். பலமானவரோடு ஆட வாய்ப்பே தராமல், பலமானவரோடு ஆடவில்லை என்று கழித்தால் அந்த அணி எங்கே போய் நிற்கும்?

சென்னையில் இந்த நியாயம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். வார இறுதியில் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் சதுரங்கப் போட்டிகளில் 2 பேர் சமப் புள்ளி எடுத்தால், யாருடைய எதிராளிகள் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று பார்த்து மேலே கீழே வைப்பார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் ஆளுக்கு 19 புள்ளி. எதிரணிகள் எடுத்த புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கும் டை-பிரேக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது.

எல்லோரும் எல்லோரோடும் 2 தடவை ஆடும் லீக்கில் இந்தப் பிரச்சினையே எழாது என்று தோன்றும். ஒரு தமிழ்நாட்டு அணி சாம்பியன் ஆன ஐ-லீக் சீசனைப் பார்த்தால் அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை.

2018–19 சீசனில் 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம். சென்னை சிட்டி எஃப்.சி.யின் பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். முன்வரிசையில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி. பெயரில் சென்னை இருந்தாலும் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். அந்த சீசன் தொடங்கிய அக்டோபரில்தான் மாதவரத்தில் ஆந்திரா பேருந்துகளுக்கான நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஆந்திர எல்லை 2 மணி நேரத்துக்குள். தன் ஊர்ப் பெயரில் ஆடும் அணியை 'ஹோம்' மேட்ச்சில் பார்க்க விரும்பும் மாதவரத்து ரசிகருக்கோ 500 கிலோமீட்டர். சொந்த மைதானத்தின் பலம் என்று அட்டவணையில் எழுதப்படுவதில் பாதி, சொந்த ஊர்க் கூட்டத்தின் பலம். வடசென்னைக் கூட்டம் இல்லாமலே அந்த அணி ஆடியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காஷ்மீரில் இன்னொரு குளறுபடி. அந்த ஆண்டுதான் ரியல் காஷ்மீர் அணி முதல் பிரிவுக்கு வந்தது. ஸ்ரீநகரின் குளிரில் செயற்கைப் புல்லில் ஆடுவது எல்லா வெளியூர் அணிக்கும் கடினமான பயணம். பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் அங்கே ஆட வேண்டிய ஆட்டம் பனியால் தள்ளிப்போனது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு அது டெல்லிக்கு மாறியது. ஈஸ்ட் பெங்கால் 2–1 என்று வென்றது. மினர்வா பஞ்சாப் ஸ்ரீநகருக்கே போகவில்லை, அந்த ஆட்டம் நடக்கவும் இல்லை. உயிர்பயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பட்டத்துக்குப் போட்டி போட்ட ஈஸ்ட் பெங்காலின் கடினமான பயணம் ஒன்று லேசானது என்பதும் உண்மை.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா பஞ்சாப், கோயம்புத்தூரில். சீசன் தொடங்கும் முன் அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். மினர்வா அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன். மார்ச் வந்தபோது அந்த அணி பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. பெயரைப் பார்த்துப் போடும் கணக்கு எப்படிப் பொய்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு 'சுலபமான ஆட்டம்' என்றவர்களுக்கும் அடி விழுந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை சென்னை 0–1. பிறகு மான்சியின் பெனால்டி, கௌரவ் போராவின் 2 கோல், 3–1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை 2–1 என்று வென்றிருந்தது. முடிவில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே புள்ளி.

இரண்டு பருவம் கழித்து சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. அந்தச் சட்டையை முன்பு அணிந்த வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகர், ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். 2019 ஜனவரிக்குப் பிறகு அந்த அணி கொல்கத்தா டெர்பி ஒன்றைக்கூட வென்றிருக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி டூரண்ட் கோப்பை லீக் ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் அடித்த ஒற்றை கோல் அந்தக் காத்திருப்பை முடித்தது. அந்த ஆட்டத்தில் தோற்ற மோகன் பகானே செப்டம்பர் 3-ஆம் தேதி இறுதியில் மறுபடி எதிரே வந்து நின்றது. 10 பேராகக் குறைந்த பிறகும் ஒரு கோல் போட்டு, 1–0 என்று கோப்பையைக் கொண்டுபோனது. அதே மைதானம், அதே எதிரணி. நடுவே 22 நாள்.