கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம்

அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றி, 1854 மே 30 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் கையொப்பமிட்ட சட்டம். மிசௌரி மாநிலத்துக்கு மேற்கே கன்சாஸ், நெப்ராஸ்கா என இரு ஆட்சிப்பகுதிகளை உருவாக்கியது. அங்கே அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறுவோரே வாக்களித்து முடிவுசெய்யலாம் என்றது. ஏழே ஆண்டுகளில் மூண்ட உள்நாட்டுப் போருக்கு இந்த அளவு வழிகோலிய சட்டம் வேறில்லை எனலாம்.

தென்மாநிலங்களில் அடிமைமுறையை உடனே ஒழிக்கவேண்டும் என்றவர்கள் வடக்கிலும் சிறுபான்மையினரே. பூசல் புதிய நிலங்களைப் பற்றியது. எலி விட்னி 1793இல் பருத்தி அரவைப் பொறியைச் செய்தபின் பருத்திச் சாகுபடி மேற்கே பரவியது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினர். மாநிலம் ஒவ்வொன்றுக்கும் செனட்டில் இரண்டு இடங்கள். ஆகவே புதிதாக ஒரு மாநிலம் சேரும்போதெல்லாம் எந்தப் பக்கத்தின் கை ஓங்கும் என்ற கேள்வி எழுந்தது. 1820ஆம் ஆண்டு உடன்பாடு மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமைமுறையற்ற மாநிலமாகவும் சேர்த்துக்கொண்டது. லூசியானா நிலப்பரப்பில் மிசௌரி தவிர்த்து, 36°30′ அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடைசெய்தது.

அந்தக் கோட்டை அழித்தவர் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில்பாதை போடவேண்டுமானால் இடைப்பட்ட நிலத்தில் ஆட்சியமைப்பு வேண்டும். அதற்குத் தென்னக செனட்டர்களின் வாக்குகள் வேண்டும். அவர்கள் கேட்ட விலை பழைய தடையை நீக்குவது. பிரதிநிதிகள் சபையில் 113க்கு 100 என்ற வாக்குகளில் மசோதா தேறியது. ஏற்கெனவே தளர்ந்திருந்த விக் கட்சி இதில் சிதறியது. எதிர்ப்பாளர்கள் திரண்டு குடியரசுக் கட்சியைத் தொடங்கினர். அரசியலைவிட்டு வழக்கறிஞர் தொழிலில் ஆழ்ந்திருந்த ஆபிரகாம் லிங்கனை மீண்டும் மேடையேற்றியதும் இச்சட்டமே.

குடியேறுவோரே முடிவுசெய்வது என்பது காகிதத்தில் நியாயமாகத் தெரிந்தது. ஆனால் குடியேறியவர் யார் என்று யார் சொல்வது? கன்சாஸின் 1855 மார்ச் தேர்தலில் மிசௌரியிலிருந்து ஆயுதங்களோடு ஆற்றைக் கடந்து வந்தவர்கள் வாக்களித்துவிட்டு ஊர் திரும்பினர். சுமார் 2,900 வாக்காளர்களே இருந்த பகுதியில் 6,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. அடிமைமுறையை எதிர்த்த தரப்பு டொபீகாவில் போட்டி அரசு அமைத்தது. அவர்களுக்கு வடக்கிலிருந்து துப்பாக்கிகள் வந்தன. பாதிரியார் ஹென்றி வார்டு பீச்சர் அதற்கு நிதி திரட்டியதால் அவற்றுக்கு ‘பீச்சரின் பைபிள்கள்’ என்றே பெயர்.

1856 மே 21இல் அடிமைமுறை ஆதரவாளர்கள் லாரன்ஸ் ஊரைச் சூறையாடினர். மறுநாள் வாஷிங்டனில், கன்சாஸ் பற்றிய உரையில் தன் உறவினரான செனட்டரை இழிவுபடுத்தியதற்காக மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்திலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். பதவி விலகிய புரூக்ஸைத் தொகுதி மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பாராட்டாகப் புதிய கைத்தடிகளும் வந்து குவிந்தன. 24ஆம் தேதி இரவு அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுனின் குழு கன்சாஸின் பொட்டவாட்டமி ஓடையருகே ஐவரை வெட்டிக் கொன்றது. இவர்தாம் 1859இல் ஹார்பர்ஸ் பெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கிலேறியவர்.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கே அதிகாரமில்லை என்றது. டக்ளஸின் கொள்கைக்கும் இது அடி. லெகாம்ப்டனில் எழுதப்பட்ட அடிமைமுறைச் சாசனத்தைக் கன்சாஸ் மக்கள்மீது திணிப்பதை அவர் எதிர்த்தபோது தெற்கு அவரை முற்றிலும் கைவிட்டது. 1860 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்து இரு வேட்பாளர்களை நிறுத்தியது. சுமார் 40 சதவீத வாக்குகளோடு குடியரசுக் கட்சியின் லிங்கன் வென்றார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

அவற்றின் செனட்டர்கள் வெளியேறியதால் தடை நீங்கி, 1861 ஜனவரி 29 அன்று அடிமைமுறையற்ற மாநிலமாகக் கன்சாஸ் ஒன்றியத்தில் சேர்ந்தது. ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டைமீது பிரிந்த மாநிலங்களின் பீரங்கிகள் சுடத் தொடங்கின; உள்நாட்டுப் போர் மூண்டது.